பாரமில்லாத ஸ்லீப்பிங் பேக்: வாங்கி விற்பவர் கவனிக்க வேண்டியவை

மலையேறப் போகும் இளைஞர்களுக்கான சாமான்களை நமது வியாபாரிகள் பலர் இப்போது கடைகளில் வைத்திருக்கிறார்கள். டென்ட், முதுகுப் பை, தலை டோர்ச் என்பவற்றை விற்பதில் பெரிய சிக்கல் இல்லை. வாடிக்கையாளர் பார்த்தாலே தரம் விளங்கிவிடும். ஆனால் ஸ்லீப்பிங் பேக் அப்படியான சாமான் அல்ல. அது நல்லதா, கெட்டதா என்பது வாங்கியவர் குளிரில் படுத்த பின்னர்தான் தெரியவரும். அதற்குள் பணம் நமது மேசை லாச்சிக்கு வந்திருக்கும், நமது பெயர் அவரது வாயில் இருக்கும்.

எனக்கு இந்தப் பாடம் காசு கொடுத்துத்தான் கிடைத்தது. சில வருடங்களுக்கு முன்னர் ஒருவரிடம் 40 பைகளை மொத்தமாக வாங்கினேன். ஒரு கிலோவுக்கும் குறைந்த பாரம், கையடக்கமான உறை, லேபலில் பெரிய எழுத்தில் "0 பாகை" என்றிருந்தது. நானும் அதையே சொல்லி விற்றேன். பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் வாங்கிக்கொண்டு ஜனவரி மாதத்தில் ஹோட்டன் சமவெளிக்குப் போனார்கள். திரும்பி வந்த ஒரு தம்பி பையை மேசையில் வைத்துவிட்டு, "நானா, பூச்சியம் பாகை எண்டு சொன்னீங்க. விடியுமட்டும் ஒருத்தரும் கண்மூடல்ல, குந்திக்கிட்டுத்தான் இருந்தம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அந்த லேபல் என்ன சொல்கிறது என்பது எனக்கே அன்று தெரிந்திருக்கவில்லை என்பதுதான் உண்மை.

லேபலில் உள்ள பாகைக்கு ஒரு முறையான அளவீடு உண்டு. ஐரோப்பாவில் 2002ஆம் ஆண்டு ஈ.என். 13537 என்ற தரநிர்ணயம் வெளியானது. 2016 முதல் அதன் இடத்தை ஐ.எஸ்.ஓ. 23537 எடுத்துக்கொண்டது. சூடேற்றப்பட்ட மனித உருவப் பொம்மை ஒன்றுக்கு உள்ளாடை அணிவித்து, பாய் மீது, பைக்குள் படுக்க வைத்து அளக்கிறார்கள். அதிலிருந்து மூன்று எண்கள் கிடைக்கின்றன. முதலாவது "கம்ஃபர்ட்", சராசரிப் பெண் ஒருவர் நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. இரண்டாவது "லிமிட்", சராசரி ஆண் ஒருவர் சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடிய எல்லை. மூன்றாவது "எக்ஸ்ட்ரீம்". இது தூங்குவதற்கான எண்ணே அல்ல. குளிரால் உயிராபத்து ஏற்படாமல் ஆறு மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும் நிலையை மட்டுமே அது குறிக்கிறது.

மலிவுச் சாமான்களில் பெரிதாக அச்சடிக்கப்படுவது பெரும்பாலும் இந்த மூன்றாவது எண்தான். என்னிடமிருந்த பைகளின் உட்புறத் தையலில் இருந்த சிறிய துணி லேபலைப் பின்னர் வாசித்தபோது கம்ஃபர்ட் 15 பாகை என்றிருந்தது. பொய் சொல்லவில்லை, ஆனால் உண்மையும் சொல்லவில்லை. சில பைகளில் தரநிர்ணய இலக்கமே இருக்காது. அப்படியானால் அந்தப் பாகை உற்பத்தியாளரின் வாய்ச்சொல் மாத்திரமே. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பொருளின் தரம் பற்றி வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துவதைத் தடைசெய்கிறது. லேபல் அச்சடித்தவன் வேறு நாட்டில் இருப்பான், நமது கடை இங்கே இருக்கிறது.

நமது நாட்டில் எந்தப் பாகை தேவை? ஹோட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை அங்கே இரவு வெப்பநிலை 5 பாகைக்குக் கீழே போவதுண்டு. அதிகாலையில் புல்லில் உறைபனியும் விழும். எனவே அங்கே போகிறவருக்குக் கம்ஃபர்ட் 5 அல்லது அதற்குக் கீழே உள்ள பை தேவை. நக்கிள்ஸ் மலைத்தொடரின் தாழ்வான முகாம் இடங்களுக்கு 10 முதல் 12 பாகைப் பை போதும். எல்லோருக்கும் கனத்த பையை விற்பதும் தவறுதான். முதுகில் சுமப்பவருக்கு ஒவ்வொரு நூறு கிராமும் கணக்கு.

இனி, உள்ளே இருப்பது என்ன என்று பார்ப்போம். ஸ்லீப்பிங் பேக் சூட்டை உண்டாக்குவதில்லை. உடம்பின் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது. பிடித்து வைப்பது பஞ்சு அல்ல, பஞ்சுக்குள் அடைபட்ட காற்று. ஆகவே உப்பல்தான் முக்கியம். உறையிலிருந்து எடுத்து உதறி ஒரு மணித்தியாலம் விட்டு, அடிமட்டத்தால் உயரத்தை அளந்து பாருங்கள். சப்பையாகக் கிடந்தால் லேபலில் என்ன எழுதியிருந்தாலும் அது குளிருக்கு உதவாது.

நிரப்பல் இரண்டு வகைப்படும். வாத்தினதும் தாராவினதும் நெஞ்சுப் பகுதி மென்னிறகு ஒன்று. பொலியெஸ்டர் இழை மற்றையது. மென்னிறகின் தரத்தை "ஃபில் பவர்" என்ற எண்ணால் சொல்வார்கள். 800 என்றால் ஓர் அவுன்ஸ் இறகு 800 கன அங்குல இடத்தை நிரப்பும். பலர் இந்த எண்ணை மட்டும் கேட்டு ஏமாறுகிறார்கள். எத்தனை அவுன்ஸ் போட்டிருக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். 900 தரத்தில் 5 அவுன்ஸ் போட்டால் 4,500 கன அங்குலம். 650 தரத்தில் 10 அவுன்ஸ் போட்டால் 6,500. பின்னையதுதான் சூடு கூடியது, விலையும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

இறகு பாரம் குறைவு, நன்றாகச் சுருங்கும், கவனமாக வைத்தால் பல வருடங்கள் உழைக்கும். ஆனால் நனைந்தால் உப்பல் போய்விடும். நமது மலைநாட்டு மூடுபனியில் மூன்று நாள் தொடர்ந்து முகாமிடுபவருக்கு நான் இழைப் பையையே காட்டுகிறேன். அதே சூட்டுக்கு அது பாரம் கூடியதுதான், உறையும் பெரிதாகும், சில வருடங்களில் உப்பலும் குறையும். இருந்தாலும் ஈரத்தில் முற்றாகக் கைவிடாது. நேபாளத்துக்கு மலையேறப் போகிற ஒருவர் கேட்டால் பதில் வேறு. உலர்ந்த கடுங்குளிருக்கு இறகை விடச் சிறந்தது இல்லை. அவர் காத்மண்டுவின் தமேல் கடைகளில் வாங்கலாம் என்று நினைத்தால், பிரபல பெயர்களின் பிரதிகள் அங்கே தாராளம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து குவில்ட். இது நமது வியாபாரிகள் பலர் இன்னும் கவனிக்காத சாமான். பைக்குள் படுக்கும்போது முதுகுக்குக் கீழே உள்ள பஞ்சு நசுங்கிவிடுகிறது. நசுங்கிய பஞ்சில் காற்றில்லை, சூடும் இல்லை. அப்படியானால் அந்தப் பஞ்சை ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்வியிலிருந்து பிறந்ததே இது. 1990களில் அமெரிக்க மலைநடையாளர் ரே ஜார்டின் தனது நூல்கள் மூலம் இதைப் பிரபலப்படுத்தினார். அடிப்பக்கம், சிப், தலை மூடி ஆகிய மூன்றும் இல்லை. கால் பக்கம் மட்டும் பை போல மூடியிருக்கும். அதே சூட்டுக்குச் சில நூறு கிராம் மிச்சம். ஆனால் கீழே நல்ல பாய் இல்லாவிட்டால் குவில்ட் வீண். பாயின் தடுப்புச் சக்தியை "ஆர்" எண்ணால் குறிப்பார்கள், எண் கூடினால் நிலத்தின் குளிர் ஏறுவது குறையும். எனவே குவில்ட் கேட்பவருக்குப் பாயையும் சேர்த்தே காட்ட வேண்டும். புரண்டு படுப்பவருக்கு ஓரத்தால் குளிர் புகும் என்பதையும் மறைக்கக்கூடாது.

தையல் தொழிலில் இருப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கலாம். 2 மீற்றர் நீளம், 1.3 மீற்றர் அகலம் உள்ள குவில்டின் பரப்பு 2.6 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 120 கிராம் நிறையுள்ள தொடரிழைத் தாள் போட்டால் நிரப்பல் 312 கிராம். சதுர மீற்றருக்கு 40 கிராம் உள்ள மெல்லிய நைலோன் இரு பக்கமும் 208 கிராம். மொத்தம் 520 கிராம், நூலும் பட்டியும் புறம்பு. நல்ல பாயுடன் 5 பாகை அளவுக்குத் தாங்கும் என்பது தைப்பவர்களின் கணிப்பு. தொடரிழைத் தாளைச் சுற்றிவர மட்டும் தைத்தால் போதும். மெத்தைக்குப் பாவிக்கும் சாதாரணப் பஞ்சை அப்படித் தைத்தால் அது ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். குறுக்கே தைத்தாலோ ஒவ்வொரு தையல் கோட்டிலும் குளிர் ஏறும்.

கடையில் வைக்கும்போது இன்னொரு கவனம். அழகுக்காக உறைக்குள் அழுத்தியபடி மாதக்கணக்கில் தட்டில் அடுக்கினால் விற்கும் முன்னரே உப்பல் போய்விடும். கொழும்பின் ஈரக்காற்றில் பூஞ்சணமும் பிடிக்கும். நான் வகைக்கு ஒன்றை விரித்துத் தொங்கவிட்டு, மீதியைப் பெரிய பருத்திப் பைகளில் தளர்வாக வைத்திருக்கிறேன். இடம் அதிகம் போகிறது, வேறு வழியில்லை.

அந்த 40இல் மீதியான பைகளை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். "0 பாகை" ஸ்டிக்கரை உரித்துவிட்டு, "15 பாகைக்குக் குறைந்த குளிருக்கு உகந்ததல்ல" என்று கையால் எழுதி ஒட்டினேன். வாங்கிய விலைக்கும் குறைவாக, பஸ்ஸில் தூரம் போகிறவர்களுக்கும் வீட்டில் விருந்தாளிக்கு விரிக்க நினைத்தவர்களுக்கும் விற்றுத் தீர்ந்தது. நட்டம்தான். அந்தத் தம்பி மறுவருடம் வந்து 5 பாகைப் பை இரண்டு வாங்கிப் போனார், உட்புற லேபலைத் தானே திருப்பிப் பார்த்துவிட்டு.