பத்து எர்லாங்கும் பதினோராவது பணியாளரும்

திருப்பதியின் எஸ்.டி.டி. குறியீடு 0877 என்றும் சித்தூரின் குறியீடு 08572 என்றும் அமைந்திருப்பதில் தொலைபேசி வலையமைப்பின் அடிப்படைக் கணக்கு ஒன்று அடங்கியிருக்கிறது. முதலில் வரும் பூஜ்யத்தை நீக்கிவிட்டால், ஊர்க் குறியீடும் உள்ளூர் எண்ணும் சேர்ந்து பத்து இலக்கங்களாக இருக்க வேண்டும் என்பது இந்திய எண் திட்டத்தின் விதியாதலால், திருப்பதியின் தரைவழித் தொலைபேசிக்கு ஏழு இலக்கங்களும் சித்தூருக்கு ஆறு இலக்கங்களும் எஞ்சுகின்றன. திருப்பதி தனி மாவட்டத்தின் தலைமையிடமானது 2022 ஏப்ரலில்தான். அதற்கு முன்பு மாவட்டத் தலைநகர் சித்தூரே என்றாலும், பத்து மடங்கு கூடுதலான எண்களுக்கு இடம் பெற்றிருந்தது கோயில் நகரமே.

அந்த நகரத்தைத் தேடி தெலுங்கிலும் தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் அழைப்புகள் வருகின்றன. இத்தகைய இடங்களுக்கான கால் சென்டர்களில், எண்ணை அழுத்தி மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பதிவுக் குரல் ஐ.வி.ஆர். எனப்படுகிறது, அதையடுத்து, அந்த மொழி அறிந்த பணியாளர்களில் ஓய்வாக இருப்பவரிடம் அழைப்பைச் சேர்க்கும் கருவி ஏ.சி.டி. எனப்படுகிறது. எவரும் ஓய்வாக இல்லையெனில், திருமலையின் வைகுண்டம் வளாகத்தில் பக்தர்களைக் கம்பார்ட்மென்ட்டுகளில் அமர்த்தி முறைப்படி விடுவதுபோல, அழைப்பும் வரிசையில் நிறுத்தப்படுகிறது.

அந்த வரிசை எவ்வளவு நீளும் என்பதைக் கணக்கிடும் வழியைக் கண்டவர், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய டேனிஷ் கணிதவியலாளர் அக்னர் எர்லாங். 1909இலும் 1917இலும் அவர் வெளியிட்ட ஆய்வுகளே இன்றும் அடிப்படையாக இருப்பதோடு, ஓர் இணைப்பு ஒரு மணி நேரம் முழுவதும் பயன்பாட்டில் இருக்கும் அளவுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது. ஒரு மணி நேரத்தில் 120 அழைப்புகள் வந்து, ஒவ்வொன்றும் சராசரியாக ஐந்து நிமிடம் நீடிப்பதாகக் கொண்டால், மொத்தம் 600 நிமிடங்கள், அதாவது 10 எர்லாங் ஆகும். பத்துப் பணியாளர் போதும் என்று தோன்றும். ஆனால் அழைப்புகள் சீரான இடைவெளியில் வராமல் கொத்துக் கொத்தாக வருவதால், அந்தப் பத்துப் பேரை வைத்துக்கொண்டு வரிசையைக் கட்டுப்படுத்தவே முடியாது. பதினோராவது பணியாளர் வந்தால் சராசரிக் காத்திருப்பு ஏறத்தாழ மூன்றரை நிமிடமாகிறது. பன்னிரண்டாவது நபரும் சேர்ந்தால் அது ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டி நின்றுவிடுகிறது. பதினான்கு பேர் இருந்தால் வெறும் 13 விநாடிதான். ஒரே ஒரு பணியாளரின் கூடுதல் வருகை இத்தனை பேரின் பொறுமையைக் காப்பாற்றும் என்பது இத்துறையின் மிக அழகிய முடிவுகளுள் ஒன்று.

இந்த எண்ணிக்கையை நாள் முழுவதற்குமான சராசரியைக் கொண்டு முடிவுசெய்வதில்லை. அழைப்புகள் மிகுந்து வரும் உச்ச நேரத்தைக் கொண்டே முடிவுசெய்கிறார்கள். பிரம்மோற்சவக் காலத்தில் இந்த உச்சம் பல மடங்கு உயரும்போது, காத்திருந்து சலித்து இணைப்பைத் துண்டிப்போர் பெருகுவர். இப்படித் துண்டிக்கப்படுபவை கைவிடப்பட்ட அழைப்புகள் எனப்படுகின்றன. அவர்களே திரும்பத் திரும்ப அழைப்பதால் சுமை மேலும் கூடுகிறது. பேச்சைச் சுருக்கி, சராசரிக் கையாளும் நேரத்தைக் குறைக்கும்படி பணியாளரை நெருக்குவது இதற்குத் தீர்வாகாது. அறையும் தரிசன நேரமும் தெளிவாக விளங்காத முதியவர் மறுநாளும் அழைப்பார்.

திருமலைக் கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்தானம், பக்தர்கள் தன் நிர்வாக அதிகாரியிடம் (இ.ஓ.) நேரடியாகப் பேசுவதற்காக நடத்திவந்த ‘டயல் யுவர் இ.ஓ.’ தொலைபேசி நிகழ்ச்சியின் கணக்கு இதிலிருந்து வேறுபட்டது. நிர்வாக அதிகாரி ஒரு நேரத்தில் ஒருவரிடமே பேசுவதால் அதன் உச்ச அளவு 1 எர்லாங். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம் என்றால் ஒரு மணி நேரத்தில் இருபது பேருக்கு மேல் பேச முடியாது. வரிசையில் நிறுத்தும் வசதி இல்லாத இணைப்பில் மற்றவர்களுக்கு என்கேஜ்டு ஒலி மட்டுமே கேட்கும். இந்நிலையைத் தொலைத்தொடர்புப் பொறியாளர்கள் அழைப்புத் தடை என்பர், அதன் அளவைக் காண எர்லாங் தனியாகவே ஒரு சூத்திரம் வகுத்திருக்கிறார்.