ராடு பூச்சில் பதுங்கும் ஈரம்

திருவெறும்பூரில் 1960-களில் பெல் கொதிகலன் ஆலை வந்தபின் திருச்சியைச் சுற்றி ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் பெருகின. பக்கத்திலேயே இருக்கும் விராலிமலை வட்டாரத்துப் பையன்களுக்கு அதனால் வெல்டிங் என்றால் கேட், கிரில் வேலை மட்டுமல்ல. எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் ஐ.டி.ஐ.யில் ஓராண்டு வெல்டர் படிப்பில் சேரலாம்.

பழக ஆரம்பிக்கிறவனுக்கு முதலில் ராடு தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். தீக்குச்சி உரசுகிற மாதிரி லேசாக உரசி, ராடின் கம்பி எவ்வளவு தடிமனோ ஏறக்குறைய அந்த அளவு இடைவெளியில் கையை நிறுத்த வேண்டும். அந்த இடைவெளியில் எரியும் மின்வில்லின் சூடு 5,000 டிகிரியைத் தொடும். இரும்பு உருக 1,538 டிகிரியே போதும். கண்ணாடி போடாமல் எட்டிப் பார்த்தவனுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. புற ஊதாக் கதிர் தன் வேலையைக் காட்ட சில மணி நேரம் ஆகும். ராத்திரி கண்ணில் மண்ணைக் கொட்டியதுபோல் உறுத்தும்.

உருகிய இரும்புக்குக் காற்று ஆகாது. ஆக்சிஜனும் நைட்ரஜனும் உள்ளே புகுந்தால் பற்று பொத்தல் விழும், நொறுங்கும். கப்பல் கொதிகலன்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஸ்வீடன்காரர் ஆஸ்கர் கெல்பெர்க், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு வழி கண்டார்: வெறும் கம்பிக்கு மேல் ஒரு பூச்சு. பூச்சு எரிந்து வரும் வாயு காற்றை விலக்கும். உருகிய பூச்சு ஸ்லாக்காக மேலே மூடும். சிப்பிங் சுத்தியால் தட்டினால் ஓடு ஓடாகப் பெயர்வது அதுதான். அதைக் குப்பை என்று நினைக்கிற பையன்கள் உண்டு. பற்றைக் காப்பாற்றியதே அந்தக் குப்பைதான்.

பட்டறைகளில் அதிகம் புழங்கும் 6013 ராடு கொஞ்சம் ஈரம் பட்டாலும் சமாளிக்கும். தடித்த தகட்டுக்கும் கொதிகலன் வேலைக்கும் எடுக்கும் 7018 அப்படியல்ல. அதன் பூச்சில் சுண்ணாம்புக்கல் உண்டு. காளவாயில் நடப்பதே இங்கும் நடந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். ஆனால் ஐப்பசி மழைக்காலத்தில் பாக்கெட்டைப் பிரித்துப் போட்டுவிட்டால் பூச்சு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மின்வில்லில் அந்த நீர் பிரிந்து ஹைட்ரஜனாகிறது. மிகச் சிறிய அணு அது. உருகிய எஃகில் தாராளமாகக் கரையும். எஃகு இறுகியதும் இடம் போதாமல் சிக்கிக்கொள்ளும். பற்றை ஒட்டிச் சூடுபட்டுக் கடினமான பகுதியை நோக்கி மெல்ல நகர்ந்து அங்கே விரிசல் விடும். காலையில் பற்றவைத்துச் சாயங்காலம் பார்த்தால் ஒரு கீறல் இருக்காது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ வெடித்திருக்கும்.

அதனால் ஈரம் பட்ட 7018 ராடை 300 டிகிரிக்கு மேல் ஓவனில் வாட்டி, வேலைக்கு எடுக்கும்வரை சூட்டிலேயே வைப்பார்கள். ஓவன் கரண்டை மிச்சம் பிடிக்கும் பட்டறைகளின் கணக்கு எனக்குப் புரிந்ததே இல்லை.

வளைகுடா வேலை விளம்பரங்களில் வரும் ‘6ஜி’, 45 டிகிரி சாய்த்து அசையாமல் பொருத்திய குழாயைச் சுற்றிலும் பற்றவைக்கும் தேர்வு. குழாயைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் குனிந்தும் நிமிர்ந்தும் சுற்றி வர வேண்டும். ஸ்லாக்கைத் தட்டிய பின் பற்று பளபளவென்றிருந்தால் மட்டும் யாரும் தேர்ச்சி போட மாட்டார்கள். எக்ஸ்ரே எடுப்பார்கள், அல்லது குழாயிலிருந்து பட்டைகளை வெட்டி அழுத்தி ‘ப’ வடிவத்தில் வளைப்பார்கள். வளைந்த முதுகில் 3 மில்லிமீட்டருக்கு மேல் வாய் பிளந்திருந்தால் தேர்வு போயிற்று.