வீட்டிற்கொரு மின் கருவிப் பெட்டி

மண்வெட்டி, அரிவாள், கடப்பாரை ஆகிய மூன்றும் இல்லாத விவசாயி வீட்டைக் காண்பது அரிது. மண்வெட்டியின் பிடி தளர்ந்தால் ஆப்பு வைத்து இறுக்கவும், அரிவாள் மழுங்கினால் தீட்டிக் கொள்ளவும் நம் மக்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் அதே வீட்டில் இரவும் பகலும் ஊழியம் செய்யும் மின்சாரத்துக்கு என்ன கருவி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், துருப்பிடித்த ஒரு திருப்புளியும் சமையலறைக் கத்தியுமே பெரும்பாலான வீடுகளில் விடையாக வெளிவருகின்றன.

நீலகிரியில் பைகாரா நீர்மின் நிலையம் 1932-ஆம் ஆண்டிலும், மேட்டூர் அணையின் மின் நிலையம் 1937-ஆம் ஆண்டிலும் இயங்கத் தொடங்கின. அந்நாளில் நகரங்களுக்கும் ஆலைகளுக்கும் உரியதாக இருந்த மின்சாரம், இன்று ஓட்டு வீட்டிலும் மாட்டுக் கொட்டகையிலும் எரிகிறது. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி என்று சாதனங்கள் பெருகிவிட்டன. அவற்றை அபாயமின்றிப் பராமரிக்கும் பழக்கம் மட்டும் அவற்றோடு சேர்ந்து பெருகவில்லை.

நமது ஒன்றியத்திலுள்ள ஒரு சிற்றூரில் சில ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்ததை இங்கே கூறுவது பொருந்தும். ஒரு விவசாயியின் மாட்டுக் கொட்டகைக்குச் செல்லும் வயர் அறுந்து, விளக்கு அணைந்தது. பணியாளரை அழைத்து இரண்டு நாட்கள் ஆகியும் அவர் வரவில்லை. விடியற்காலையில் பால் கறக்க வெளிச்சம் வேண்டுமென்று, அவ்வீட்டுப் பிள்ளை அறுந்த முனைகளைக் கத்தியால் சீவி முறுக்கி, பிளாஸ்டிக் பையைக் கிழித்துச் சுற்றி, கொட்டகையின் இரும்புத் தூணோடு சேர்த்துக் கட்டினான். அன்றிரவு மழை பெய்தது. காலையில் பாத்திரத்துடன் சென்ற தாயார், தூணில் கட்டியிருந்த கறவை மாடு மாண்டு கிடப்பதைக் கண்டார். நல்வேளையாக அவர் வாசலிலேயே நின்று கணவரைக் கூவி அழைத்தார். அவர் ஓடிச் சென்று மெயின் சுவிட்சை நிறுத்தினார். இன்னும் இரண்டடி எடுத்து வைத்திருந்தால் அவ்வீட்டின் இழப்பு மாட்டோடு நின்றிராது.

அப்பிள்ளை செய்தது சோம்பலாலன்று, அவசரத்தால். அந்த அவசரத்துக்குக் காரணம் வெளிச்சமின்மை. வீட்டில் ஒரு நல்ல கைவிளக்கு இருந்திருந்தால், பணியாளர் வரும் வரையில் ஒரு வாரங்கூடப் பொறுத்திருக்கலாம். ஆகவே நமது பெட்டியில் முதலில் வைக்க வேண்டிய பொருள் கைவிளக்கே என்று கூறுவோம்.

நம் கைவேலைக்கு எல்லை எது?

கருவி வாங்குமுன் எல்லையை அறிந்துகொள்ளுதல் அவசியம். மின் அமைப்பில் புதிதாக வேலை செய்வதும், உள்ளதை மாற்றியமைப்பதும் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலமே நடைபெற வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் வகுத்தன. ஆனால் விளக்கு, மின்விசிறி, பியூஸ், சுவிட்சு, வீட்டுச் சாதனங்கள் முதலியவற்றில் பழுதானதை எடுத்துவிட்டு, அமைப்பின் திறனும் தன்மையும் மாறாதவாறு அதே வகையைப் பொருத்துவதற்கு அவ்விதி விலக்களித்தது. மத்திய மின்சார ஆணையம் 2010-ஆம் ஆண்டில் கொணர்ந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் இவ்வரம்பு தொடர்ந்தது.

இதனைச் சுருக்கமாக மனத்தில் இருத்திக்கொள்ளலாம். பழையது போனால் அதே வகைப் புதியதைப் பொருத்துவது வீட்டாரின் வேலை. புதிய வயர் இழுப்பதும், புதிய பிளக்குப் பாயின்ட் அமைப்பதும், மோட்டார்ப் பெட்டியைத் திறப்பதும் உரிமம் பெற்றவர் வேலை. மின்கம்பமும், அதிலிருந்து மீட்டர் வரையிலுள்ள கம்பியும், மீட்டரும் மின் பகிர்மானக் கழகத்தைச் சேர்ந்தவை. அவற்றில் நாம் கை வைக்கலாகாது. மேலே கூறிய கொட்டகை வயர் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நனையும் இடத்தில் முறுக்கி ஒட்டுப் போட்ட வயர், எந்தப் பட்டையால் சுற்றினாலும் நம்பத்தக்கதன்று. முழு வயரையும் மாற்றுவதே முறை.

பெட்டியில் இருக்க வேண்டியவை

முதற்கட்டமாக வாங்க வேண்டியவை சிலவே. கைவிளக்கு ஒன்று, டெஸ்டர் ஒன்று, பட்டை முனையும் நட்சத்திர முனையும் கொண்ட திருப்புளிகள் இரண்டு, கட்டிங் பிளேயர் ஒன்று, வயரின் மேலுறையை உரிக்கும் கருவி ஒன்று, இன்சுலேஷன் டேப் ஒரு சுருள். இவற்றோடு மாற்றுப் பொருள்களாக ஒரு சுவிட்சு, ஒரு பல்பு ஹோல்டர், ஒரு மூன்று முனை பிளக்கு, பழைய பியூஸ் கட்டை உள்ள வீடாயின் உரிய ஆம்பியர் அளவுள்ள பியூஸ் கம்பி ஆகியவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டும். இவற்றின் விலை ஊருக்கு ஊர் மாறும். ஒரே நாளில் வாங்க இயலாதவர்கள் கைவிளக்கையும் டெஸ்டரையும் முதலில் வாங்கி, மற்றவற்றை மாதத்துக்கொன்றாகச் சேர்க்கலாம்.

கட்டிங் பிளேயரிலும் திருப்புளியிலும் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. பிடியில் பிளாஸ்டிக் இருப்பதனாலேயே அது மின்சாரத்தைத் தடுக்கும் என்று எண்ணுவது தவறு. மின்வேலைக்கென்றே செய்யப்பட்ட கருவியில் 1000 வோல்ட் என்ற குறி பொறிக்கப்பட்டிருக்கும். அக்குறியுள்ளதையே வாங்க வேண்டும். உறையில் வெடிப்புக் கண்டால் அதை மின்வேலையிலிருந்து விலக்கிவிட வேண்டும். சுவிட்சு, பிளக்கு, வயர் ஆகியவற்றை ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குதல் நலம்.

பியூஸ் கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. பியூஸ் அடிக்கடி போகிறதென்று, சாதாரணச் செப்பு இழைகள் நான்கைந்தை முறுக்கிக் கட்டிவிடும் வழக்கம் இன்னும் சில ஊர்களில் உள்ளது. பியூஸ் என்பது தான் உருகி வீட்டைக் காப்பதற்காகவே வைக்கப்படுவது. அதனை உருகாதபடி செய்துவிட்டால், அடுத்தபடி உருகுவது சுவருக்குள் இருக்கும் வயர்தான். பியூஸ் மீண்டும் மீண்டும் போனால், காரணத்தைத் தேட வேண்டுமேயன்றிக் கம்பியைப் பருமனாக்கக் கூடாது.

பிளக்கு விஷயத்திலும் கணக்கு உண்டு. நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். சாதனத்தின் வாட் அளவை 230-ஆல் வகுத்தால் அது இழுக்கும் ஆம்பியர் கிடைக்கும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி நான்கரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். சிறிய 6 ஆம்பியர் பிளக்கு அதைத் தாங்கும். 2000 வாட் வெந்நீர்ச் சாதனமோ ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அதற்குப் பெரிய 16 ஆம்பியர் பிளக்கே வேண்டும். பிளக்கு கருகுவதற்கு இந்தக் கணக்கைப் பாராமையே பல வீடுகளில் காரணம்.

மூன்று முனை பிளக்கில் பருமனாகவும் நீளமாகவும் இருப்பது எர்த் முனை. செருகும்போது அது முதலில் சேரவும், எடுக்கும்போது கடைசியில் பிரியவும் வேண்டியே அவ்வாறு செய்யப்பட்டுள்ளது. அம்முனையை ஒடித்துவிட்டு இரண்டு முனைத் துளையில் செருகுவது, காவற்காரனைத் துரத்திவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போன்றதாகும்.

டெஸ்டரைக் கையாளும் முறை

டெஸ்டருக்குள் ஒரு சிறு நியான் விளக்கும், மின்னோட்டத்தை மிகச் சொற்ப அளவுக்குக் குறைக்கும் ஒரு தடையும் உள்ளன. முனையை வயரில் வைத்து, தலையிலுள்ள உலோகத் தொப்பியை விரலால் தொட்டால், பேஸ் கம்பியில் விளக்கு ஒளிரும்.

ஆனால் ஒளிர்வதை நம்பலாமேயன்றி, ஒளிராமையை அப்படியே நம்பலாகாது. டெஸ்டர் பழுதாகியிருக்கலாம், நண்பகல் வெயிலில் ஒளி தெரியாமற் போகலாம், நாம் உலர்ந்த பலகைமேல் நின்றால் ஒளி மங்கலாம். ஆகையால் மூன்று முறை சோதிக்க வேண்டும். முதலில் மின்சாரம் உள்ளதென்று தெரிந்த இடத்தில் வைத்து டெஸ்டர் ஒளிர்வதைக் காண வேண்டும். பின்னர் வேலை செய்யவிருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். அங்கு ஒளிராவிடில், மறுபடியும் முதல் இடத்துக்கே சென்று டெஸ்டர் நல்ல நிலையில் உள்ளதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இதற்கு ஒரு நிமிஷங்கூட ஆகாது.

சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஹோல்டரைக் கழற்றுவதும் அபாயமே. சுவிட்சு பேஸ் கம்பியில் இருக்க வேண்டியது முறை. தவறி அது நியூட்ரல் கம்பியில் பொருத்தப்பட்டிருந்தால், விளக்கு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். எனவே எந்த வேலையானாலும் மெயின் சுவிட்சை நிறுத்திய பின்னரே தொடங்க வேண்டும். இன்வெர்ட்டரோ, மின்சேமிப்புக் கலத்துடன் கூடிய சூரிய மின் அமைப்போ உள்ள வீடுகளில் அதனையும் தனியே நிறுத்த வேண்டும். மெயினை நிறுத்திய உடனே அவை தாமாக மின்சாரம் தரத் தொடங்கும்.

மின்விசிறியைக் கழற்றுவோர் மற்றொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். விசிறி மெதுவாகச் சுழன்றால், பெரும்பாலும் அதன் கெப்பாசிட்டர் வலுவிழந்திருக்கும். அதே மைக்ரோபாரட் அளவும் அதே வோல்ட் அளவும் உள்ள புதியதை மாற்றினால் விசிறி பழைய வேகம் பெறும். ஆனால் கெப்பாசிட்டர், மெயினை நிறுத்திய பின்னும் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கக் கூடியது. அதன் முனைகளை வெறுங் கையால் தொடலாகாது.

30 மில்லி ஆம்பியர்க் காவலன்

பெட்டிக்குள் அடங்காத கருவி ஒன்று உண்டு. அது மெயின் பலகையில் பொருத்தப்படும் ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுத் தடுப்பான். பியூசும் எம்.சி.பி.யும் இருக்கையில் இது எதற்கு என்று நம்மைப் பலர் கேட்டுள்ளனர். 9 வாட் எல்.இ.டி. விளக்கு எரிவதற்கே ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர் செல்கிறது. அத்துணைச் சிறிய மின்னோட்டம் மனித உடலினூடே சென்றால் உயிருக்கே ஆபத்து. 6 ஆம்பியர் எம்.சி.பி.யோ அதைப் போல் நூற்றைம்பது மடங்கு மின்னோட்டத்தையும் தடையின்றி அனுப்பும். அது வயரைக் காக்க அமைந்தது. ஆளைக் காக்க அமைந்ததன்று.

பேஸில் செல்லும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று ஆர்.சி.சி.பி. இடைவிடாது ஒப்பிடுகிறது. இடையில் 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது வேறு வழியே நிலத்துக்குச் செல்கிறதென்று கண்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கிறது. அந்தக் கொட்டகைக்கு இதுவொன்று இருந்திருந்தால் மாடு பிழைத்திருக்கும். வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்கி, உரிமம் பெற்றவரைக் கொண்டு பொருத்திக்கொள்ள வேண்டும். அதன் முகப்பிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும்; உடனே விழாவிட்டால் அது பழுதென்று அறியலாம்.

ஊருக்குப் பொதுவான பெட்டி

சில கருவிகள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டுவதில்லை. மல்டி மீட்டர், ரப்பர்ப் பாய், ரப்பர்க் கையுறை, உலர்ந்த மர ஏணி ஆகியவற்றைப் பத்துப் பதினைந்து குடும்பங்கள் கூடியோ, மகளிர் சுய உதவிக் குழுவின் மூலமோ வாங்கி வைத்து, பெயரெழுதி எடுத்துத் திருப்பிக் கொடுக்கலாம். அலுமினிய ஏணி மின்வேலைக்கு உதவாது. ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் வார்டில் இதற்கு முன்முயற்சி எடுத்தால், செலவு குறைவதோடு, கருவியைச் சரியாகக் கையாளும் வழக்கமும் பரவும். தெருவிளக்கு எரியவில்லையென்று இளைஞர்கள் கம்பத்தில் ஏறுவதைத் தடுப்பதும் உறுப்பினர்களின் பொறுப்பாகும். மின்தடை, அறுந்த கம்பி ஆகியவற்றைத் தெரிவிக்க, 2021-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மின்னகம் சேவையின் 94987 94987 என்ற எண்ணைப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டிவைத்தல் நன்று.

அதே மூடியில் வேறு சில வரிகளும் இருக்கட்டும். ஒருவரை மின்சாரம் தாக்கினால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை நிறுத்துங்கள். இயலாவிடில் உலர்ந்த இடத்தில் நின்று, உலர்ந்த மரக்கழியால் வயரை விலக்குங்கள். வெளியே அறுந்து கிடக்கும் மின்வாரியக் கம்பியாயின் அதையும் செய்யாமல் தொலைவிலேயே நின்று, பிறரையும் நிறுத்தி, மின்னகத்துக்குத் தெரிவியுங்கள். தாக்குண்டவரை விடுவித்த பின் உடனே 108-ஐ அழையுங்கள். மூச்சில்லையேல், நெஞ்சின் நடுவே இரு கைகளையும் வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்திக்கொண்டே இருங்கள். வாகனம் வரும் வரையில் நிறுத்தாதீர்கள்.

பெட்டி தகரமாயினும் மரமாயினும் சரியே. குழந்தைகள் கைக்கு எட்டாத, ஈரம் படாத ஓரிடத்தில் எப்பொழுதும் இருக்க வேண்டும். இருளில் துழாவினாலும் கைவிளக்கு முதலில் அகப்படும்படி அதை மேலே வையுங்கள். அடுத்த சந்தை நாளில் விதையும் உரமும் வாங்கச் செல்லும் அன்பர்கள், அப்பட்டியலில் ஒரு டெஸ்டரையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.