போரின் விதிகள் – 9: ஒற்றைக்கைப் பாதிரியார் வாங்கிய வாக்குறுதி

சென்ற வாரம் வரை குண்டு போடுகிறவனுக்கான விதிகளைப் பார்த்தோம். சண்டை நடக்கும் ஊருக்குள்ளேயே குண்டு விழாத இடமென்று ஒன்றை ஒதுக்க முடியுமா? 1937-ல் ஷாங்காயில் ஒருவர் ஒதுக்கிக் காட்டினார். அந்த இடம் இரண்டரை ஆண்டு தாக்குப்பிடித்தது.

அவர் பெயர் ராபர்ட் ஜாக்கினோ, பிரான்சில் பிறந்த இயேசு சபைப் பாதிரியார். வலது கையை ஒரு வெடி விபத்தில் இழந்தவர். 1913-ல் ஷாங்காய் வந்தவர் அங்கேயே வேரூன்றிவிட்டார். 1932-ல் ஜப்பானியப் படை நகரின் சாபேய் பகுதியைத் தாக்கியபோது, இரு தரப்பிடமும் பேசி 4 மணி நேரச் சண்டை நிறுத்தம் வாங்கி, உள்ளே சிக்கியிருந்தவர்களை வெளியே கொண்டுவந்தார். சீனத் தளபதிகளும் ஜப்பானிய அதிகாரிகளும் அவரை அறிந்துகொண்டது அப்போதுதான்.

1937 ஆகஸ்டில் மீண்டும் போர் மூண்டது. ஷாங்காயின் நடுப்பகுதியில் பிரிட்டன், அமெரிக்கா முதலிய நாட்டவர் செல்வாக்கில் ஒரு குடியிருப்பும், பிரெஞ்சுக்காரர் ஆண்ட இன்னொரு பகுதியும் இருந்தன. ஜப்பான் அந்நாடுகளுடன் அப்போது போரில் இல்லை. ஆகவே உயிர் பிழைக்க நினைத்தவர்கள் எல்லாம் அங்கே ஓடினார்கள். இடம் நிரம்பியதும் பிரெஞ்சுப் பகுதியின் இரும்புக் கதவுகளைச் சாத்திவிட்டார்கள். கதவுக்கு வெளியே, நான்ஷி எனப்படும் பழைய சீன நகரத் தெருக்களில், கைக்குழந்தையும் மூட்டையுமாக ஜனங்கள் நெருக்கியடித்து நின்றார்கள். சண்டை நான்ஷியை நோக்கி வந்துகொண்டிருந்தது.

ஜாக்கினோ அந்தப் பழைய நகரின் வடபகுதியை, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை, வரைபடத்தில் குறித்துக்கொண்டார். பிரெஞ்சுப் பகுதியை ஒட்டிய இடம் அது. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே அரிசியும் மருந்தும் வந்து சேரும். இனி இரண்டு சேனைகளையும் சம்மதிக்க வைக்க வேண்டும். சீனர்களுக்குச் சொந்த மண்ணின் உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடக் கூடாது. ஜப்பானியருக்குச் சீனர்களோடு ஒப்பந்தம் போட்டதாக ஆகிவிடக் கூடாது. எதிரிகளை ஒரே மேசையில் உட்கார வைக்க அவர் முயலவே இல்லை. பல நாட்டவர் அடங்கிய ஒரு குழுவுக்குத் தலைவராக இருந்து, ஒவ்வொரு தரப்பிடமும் தனித்தனியே வாக்குறுதி வாங்கினார். உள்ளே படைவீரரோ ராணுவ நிலையோ இருக்காது என்று சீனத் தரப்பு சொன்னது. அவை இல்லாதவரை தாக்க மாட்டோம் என்று ஜப்பானியத் தரப்பு சொன்னது. நவம்பர் 9 அன்று பாதுகாப்பு வலயம் நடைமுறைக்கு வந்தது. சில நாட்களில் நான்ஷி ஜப்பானியர் கைக்குப் போனது. பின்வாங்கிய சீன வீரர்களில் பலர் பிரெஞ்சுப் பகுதிக்குள் ஓடி, ஆயுதங்களை ஒப்படைத்துக் காவலில் இருந்தார்கள். வலயம் நின்றது. சுமார் 2,50,000 பேர் அதற்குள் உயிர் பிழைத்தார்கள்.

பாதிரியாரின் கருணையைப் புகழ்வது எளிது. நான் வியப்பது அவருடைய கணக்கை. அகதிகள் தம் கதவை உடைத்துக்கொண்டு வராமல் இருந்தால் போதும் என்பது பிரெஞ்சு நிர்வாகத்தின் கவலை. மேலை நாடுகளின் முன்னால் நல்ல பெயர் வேண்டும் என்பது ஜப்பானியரின் ஆசை. தம் மக்களைக் காக்கும் வழி சீன நிர்வாகத்திடம் மிச்சமில்லை. மூவரின் சுயநலமும் ஒரே தெருவில் சந்திக்கும்படி அவர் எல்லையை வரைந்தார். ஜப்பானியரோடு அளவுக்கு மீறி இணங்கிப் போனார் என்ற குறை அவர்மேல் உண்டு. இணங்கித்தான் போனார். இணங்காமல் அந்த இரண்டரை ஆண்டு நகர்ந்திருக்காது.

அடுத்த மாதமே இன்னொரு பாடம் கிடைத்தது. ஷாங்காயைப் பார்த்து நான்ஜிங்கிலும் வெளிநாட்டவர் சிலர் ஒரு வலயம் அமைத்தார்கள். தலைவர் ஜான் ராபே, சீமென்ஸ் நிறுவனத்தின் ஜெர்மானியர், நாஜிக் கட்சி உறுப்பினரும்கூட. அங்கே ஜப்பானியர் வலயத்தை முறையாக ஏற்கவில்லை. சீன வீரர்களை முழுதாக விலக்கி வைக்கவும் குழுவால் முடியவில்லை. டிசம்பர் 13-ல் நகரம் விழுந்தபோது, சீருடையைக் கழற்றி எறிந்த வீரர்கள் வலயத்துக்குள் புகுந்தார்கள். அதைச் சாக்கிட்டு உள்ளே வந்த படை, கையில் காய்ப்பு இருக்கிறதா, நெற்றியில் தொப்பித் தடம் இருக்கிறதா என்று பார்த்து ஆண்களை இழுத்துச் சென்று கொன்றது. படைவீரனுக்கும் ரிக்‌ஷா இழுப்பவனுக்கும் ஒரே காய்ப்புதான். அப்படியிருந்தும் அந்த வலயம் 2 லட்சம் பேருக்குமேல் காப்பாற்றியது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது.

1949-ன் நான்காவது ஜெனீவா ஒப்பந்தத்தில் இந்த அனுபவம் சட்டமானது. 15-வது விதி சண்டை நடக்கும் இடத்திலேயே அமைக்கும் நடுநிலை வலயம் பற்றியது. வலயம் எங்கே, யார் நிர்வாகம், சோறு எப்படி, யார் மேற்பார்வை என்று இரு தரப்பும் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்கிறது. ஜாக்கினோ அதைப் பார்க்கவில்லை. 1946-ல் பெர்லினில் இறந்துவிட்டார்.

அந்த விதி நாடுகளுக்கு இடையிலான போருக்கானது. ஆனால் அது கேட்கும் நான்கு கேள்விகளை இலங்கை உள்நாட்டுப் போரின் வன்னியிலும் கேட்டுப் பார்க்கலாம். 2009 ஜனவரியில் இலங்கை ராணுவம் சுமார் 35 சதுர கிலோமீட்டரை, தானாகவே, ‘தாக்குதலற்ற வலயம்’ என்று அறிவித்தது. எதிர்த்துப் போரிட்ட விடுதலைப் புலிகளின் சம்மதம் இல்லை. உள்ளே ஆயுதம் இல்லை என்று பார்த்துச் சொல்ல வெளியார் எவருமில்லை. அறிவிப்பை நம்பி வந்து சேர்ந்த மக்கள்மேல் ராணுவத்தின் எறிகணைகள் விழுந்தன. வெளியேற முயன்றவர்களைப் புலிகள் தடுத்தார்கள், சுட்டார்கள். ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் இரண்டையும் பதிவு செய்தது. வலயம் இரண்டு முறை இடம் மாறிச் சுருங்கி முள்ளிவாய்க்கால் மணல்மேட்டில் முடிந்தது.

போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகாவுக்கு, பொறுப்பேற்க வெளியார் இல்லை என்ற இந்தக் குறை இருந்திருக்கக் கூடாது. 1993 ஏப்ரல் 16 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபையே அதைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. அப்படி அறிவித்த 6 ஊர்களையும் காக்க 34,000 படைவீரர் வேண்டும் என்றார்கள் ராணுவ நிபுணர்கள். சபை ஒப்புக்கொண்டது 7,600 பேருக்கு. அந்த 7,600 பேரை எந்த நாடு அனுப்புவது என்ற இழுபறியிலிருந்து அடுத்த வாரம் தொடங்குவோம்.

(தொடரும்)