சிதைந்த தைமஸுக்குச் சேதி சொல்வது யார்?

மான்ட்ரியல் நகரில் ஹான்ஸ் செல்யே எலிகளைக் கடுங்குளிர், காயம், நச்சு எனப் பலவிதத் தொல்லைகளுக்கு ஆளாக்கினார். தொல்லை எதுவானாலும் அறுத்துப் பார்த்தபோது அட்ரினல் சுரப்பி பெருத்திருந்தது, தைமஸ் சுருங்கியிருந்தது. அவர் இதை வெளியிட்ட 1936இல், மார்பெலும்புக்குப் பின்னால் இதயத்தின் மேல் படிந்திருக்கும் தைமஸுக்கு என்ன வேலை என்பதே யாருக்கும் தெரியாது. 1961இல் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்த சூட்டோடு சுண்டெலிக் குட்டிகளின் தைமஸை அகற்றிப் பார்த்தார். கிருமிகளை எதிர்க்கும் டி செல்கள் அங்கேதான் உருவாகின்றன என்பது அதன்பிறகே விளங்கியது.

கதிர்வீச்சு, புற்றுநோய் மருந்து, ஸ்டீராய்டு, கடும் தொற்று எது தாக்கினாலும் முதலில் நொறுங்குவது தைமஸ்தான். அதிலுள்ள செல்களில் ஏறத்தாழ 80 சதவீதம் இன்னும் முதிராத டி செல்கள், அவை அடி தாங்காது. அவற்றுக்கு இடம் கொடுத்து வளர்க்கும் எபிதீலியச் செல்களும் ரத்தக்குழாய்ச் சுவரின் செல்களும் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. சுண்டெலியில் சில வாரங்களில் சுரப்பி பழைய அளவுக்குத் திரும்புவது இவற்றின் தயவால்தான்.

2012இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் ஜாரட் டுடாகோவ், மார்செல் வான் டென் பிரிங்க் குழுவினர் இந்த மீட்சிக்கான முதல் கண்ணியைப் பிடித்தார்கள். முதிராத செல்கள் அழிந்ததும் டெண்டிரிட்டிக் செல்கள் இன்டர்லூகின்-23 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது கதிர்வீச்சுக்குத் தப்பிய சில நிணச் செல்களைத் தூண்ட, அவை இன்டர்லூகின்-22ஐ வெளியிடுகின்றன. அதைப் பெற்ற எபிதீலியச் செல்கள் பெருகுகின்றன. இன்டர்லூகின்-22 அறவே இல்லாத சுண்டெலிகளுக்கும் தைமஸ் இயல்பாகவே இருந்தது. கதிர்வீச்சு பட்ட பிறகுதான் குறை தெரிந்தது: அவற்றால் சரியாக மீள முடியவில்லை. ஆக, இந்தப் புரதம் தைமஸை உருவாக்கத் தேவையில்லை, மீட்கத்தான் தேவை.

ரத்தக்குழாய்ச் செல்கள் தனியே பிஎம்பி4 என்ற புரதத்தை அனுப்பி, எபிதீலியச் செல்களில் ஃபாக்ஸ்என்1 மரபணுவை முடுக்குவதை 2018இல் கண்டார்கள்.

சரி, அடிபட்டது இவற்றுக்கெல்லாம் எப்படித் தெரிகிறது? என்னை மிகவும் அசரவைத்தது இதற்கான விடைதான். தைமஸில் சாவு அன்றாட நிகழ்ச்சி. தேர்வில் தேறாத செல்கள், உடலையே தாக்கக்கூடிய செல்கள் என உருவாவதில் மிகப் பெரும்பகுதி அங்கேயே மடிகிறது. மடியும் செல்லின் மேற்பரப்பில் தோன்றும் ஒரு கொழுப்பு மூலக்கூறைச் சுற்றியுள்ள செல்கள் ஓயாமல் உணர்ந்துகொண்டே இருக்கின்றன. அந்த உணர்வுதான் மீட்புப் புரதங்களை அடக்கிவைக்கும் பிரேக். கதிர்வீச்சு முதிராத செல்களை மொத்தமாகத் துடைத்தெடுத்தபின் மடிவதற்கே ஆளில்லை, பிரேக் விடுபடுகிறது. 2021இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது.

எலும்புமஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தைமஸ் மீள்வது உயிர்ப் பிரச்சினை. டி செல்கள் போதுமான அளவு திரும்ப மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆகிறது. அதுவரை சாதாரணக் கிருமியும் ஆபத்து. ஆனால் சுண்டெலியில் பலித்ததை அப்படியே நோயாளிக்குக் கொண்டுவர முடியாது. தைமஸை மீட்க எலிகளில் நன்றாக உதவிய கெரட்டினோசைட் வளர்ச்சிக் காரணியை, டி செல்களைக் குறைக்கும் சிகிச்சை பெற்ற மல்டிபிள் ஸ்கிலெரோசிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தைமஸிலிருந்து புதிய டி செல்கள் வருவது கூடவில்லை, குறைந்தது. 2019இல் வெளியான முடிவு இது. அந்த நோயாளிகள் பெரியவர்கள். வயதாக ஆகத் தைமஸ் தானாகவே சுருங்கிவிடும். சோதனைகளிலோ பெரும்பாலும் இளம் சுண்டெலிகள்தான். இந்த மீட்புப் புரதங்களை வயதான விலங்குகளிலும் சோதித்துப் பார்ப்பது இப்போது அவசர வேலை.