டீம் பென்னா, டீம் பாக்ஸ்டனா? அல்கொரிதத்துக்குத் தெரியாத ஒரு கோடு

இந்தக் கிழமை எபிசோடில் ரெக்கமண்டேஷன் சிஸ்டம் பற்றிக் கதைத்தோம். முடிக்கிற நேரத்தில் "அல்கொரிதத்துக்கு ஷிப்பிங் விளங்காது" என்று சொன்னேன். நேரம் போதவில்லை, அப்படியே விட்டுவிட்டோம். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

ஷிப்பிங் என்றால் கூரியர் இல்லை, மக்களே. ஒரு தொடரில் வருகிற இரண்டு பேர் சேர்ந்தே ஆகவேண்டும் என்று ரசிகர்கள் ஒற்றைக்காலில் நிற்பது. ரிலேஷன்ஷிப் என்ற சொல்லின் வால்தான் அது. 1990களில் 'எக்ஸ்-ஃபைல்ஸ்' பார்த்த இணைய ரசிகர்கள், மோல்டரும் ஸ்கல்லியும் சேரவேண்டும் என்று கேட்டுக் கேட்டே அந்தச் சொல்லைப் பரப்பினார்கள்.

என்னுடைய ஷிப் தேவியும் பென்னும். தொடர் 'நெவர் ஹாவ் ஐ எவர்'. 2023இலேயே முடிந்துவிட்டது, அதனால் முடிவையும் சொல்லப்போகிறேன். பார்க்காத ஆக்கள் பார்த்துவிட்டு வாங்கோ.

கதை கலிபோர்னியாவில் நடக்குது. தேவி விஸ்வகுமார் ஒரு தமிழ்ப் பெட்டை. அப்பா மோகன் திடீரென்று செத்துப்போகிறார். அந்தத் துக்கத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பள்ளிக்கூடத்தில் ஓடித் திரிகிறாள். ஒரு பக்கம் பாக்ஸ்டன்: நீச்சல் வீரன், எல்லாரும் திரும்பிப் பார்க்கிற பெடியன். மற்றப் பக்கம் பென்: வகுப்பில் மார்க்ஸுக்கு அவளோடு சண்டை பிடிக்கிறவன். தேவியாக நடித்தவர் மிசிசாகாவில் பிறந்த மைத்ரேயி ராமகிருஷ்ணன். குடும்பம் இலங்கைப் போரால் இடம்பெயர்ந்து வந்தது. 2019இல் மிண்டி கேலிங் சமூக வலைத்தளத்தில் விட்ட திறந்த அழைப்புக்கு வந்த ஏறத்தாழ 15,000 பேரில் இருந்து தெரிவானவர். நெடுஞ்சாலையில் அரை மணித்தியாலம் ஓடினால் வருகிற ஊர்ப் பிள்ளை. ரொறன்ரோவில் எங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இப்ப டெக்னிக்கல் பக்கம். ஒரு கிராஃப் வரைந்து பாருங்கோ. தேவி ஒரு நோட், பென் ஒரு நோட். ஷிப் பண்ணுகிற ஆளுக்குப் பிடித்தது இரண்டு நோட்டும் இல்லை, நடுவில் போகிற கோடு. அந்த எட்ஜ்.

முதல் சீசன் கடைசி எபிசோடை எடுங்கோ. அம்மாவோடு கோபித்துக்கொண்டு தேவி பென் வீட்டில் தங்கியிருக்கிறாள். அப்பாவின் அஸ்தியைக் கடலில் கரைக்கிற நாள். பென்தான் அவளை மாலிபுவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். அவள் தாயோடு சேர்ந்து அஸ்தியைக் கரைத்துவிட்டு வரும்வரை காத்து நிற்கிறான். பிறகு காருக்குள் முத்தம். அந்த நேரம் பார்த்து பாக்ஸ்டன் வொய்ஸ்மெயில் விடுகிறான். நான் சோபாவில் இருந்து எழும்பி நின்றுவிட்டேன். முத்தத்துக்காக இல்லை, அவன் காத்து நின்றதுக்காக.

இந்தக் காட்சியை நான் எத்தனை தடவை பின்னுக்கு இழுத்துப் பார்த்தேன் என்பது ஒரு லாக்கில் விழுந்திருக்கும். எந்தக் கணக்கு, எந்த எபிசோட், எந்த நிமிஷம், எல்லாம் இருக்கும். 'காத்து நின்றான்' என்பதற்கு அங்கே ஒரு காலம் இருக்காது.

ரசிகர்கள் அந்தக் காலத்தைத் தாங்களே செய்து வைத்திருக்கிறார்கள். 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற ரசிகர்கதைக் களஞ்சியம் 2009இல் பொதுப் பாவனைக்கு வந்தது. 2019இல் ஹூகோ விருதும் எடுத்தது. அங்கே இரண்டு பெயருக்கு நடுவில் சாய்கோடு போட்டால் காதல், '&' போட்டால் நட்பு. சாய்கோட்டின் வேர் 1970களில் 'ஸ்டார் ட்ரெக்' ரசிகர்கள் அச்சடித்த கிர்க்/ஸ்பொக் கதைகளில் இருக்கு. எட்ஜுக்கு டைப் கொடுக்கிற வேலையை அவர்கள் அப்பவே தொடங்கிவிட்டார்கள்!

எழுதுகிறவர் எப்படியும் டேக் போடலாம்: தேவி/பென், பென்/தேவி, 'பென்வி'. இவை எல்லாம் ஒரே ஜோடிதான் என்று தொண்டர்கள் கையால் பார்த்துப் பொதுவான ஒரு டேக்கோடு இணைத்துவிடுகிறார்கள். டேட்டா கிளீனிங் செய்து காசு வாங்குகிற எனக்கு, அதைச் சும்மா ஆசைக்குச் செய்கிற ஆக்களைப் பார்க்க வெட்கமாகவும் இருக்கு, பெருமையாகவும் இருக்கு.

வெளியீட்டு முறையும் சேர்ந்துகொண்டது. பெயர் ஸ்ட்ரீமிங், வேலை பாட்ச் ஜொப். 2020 ஏப்ரலில் 10 எபிசோட், 2021 ஜூலையில் 10, 2022 ஓகஸ்டில் 10, 2023 ஜூனில் 10. ஒரே இரவில் பார்த்து முடித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பு. அந்த இடைவெளியை ரசிகர்கள் கதையாலும் வெட்டி ஒட்டிய வீடியோவாலும் நிரப்பினார்கள். எங்கட வீட்டில் சாப்பாட்டு மேசைச் சண்டையால் நிரப்பினோம்.

ஸ்காபரோவில் நாங்கள் வளர்ந்த வீட்டில் அந்த மேசையில் காதல் என்ற சொல் வராது. படிப்பு வரும், வேலை வரும், "எப்ப கலியாணம்" வரும். யாரை, ஏன் பிடித்திருக்கு என்பது வராது. தொடரைப் பார்க்கத் தொடங்கியதும் அம்மாவின் முதல் கேள்வி: "ஏன், எங்கட பெடியன் ஒருத்தரும் கிடைக்கேல்லையோ?" மூன்றாம் சீசனில் டெஸ் என்ற இந்தியப் பெடியன் வந்தான். அம்மாவுக்குச் சந்தோசம். தேவி துக்கத்தில் உடைந்ததைப் பார்த்த டெஸின் தாய், அவளை விட்டுவிடு என்கிறாள். அவனும் விட்டுவிடுகிறான். அம்மா டீவியைப் பார்த்துச் சத்தம் போட்டா: "தகப்பன் இல்லாத பிள்ளையைப் பாத்து இப்பிடியும் சொல்லுவினமோ?" அடுத்த நாளே அவ டீம் பென். காரணம் கேட்டால், "அவன் காத்து நிண்டவன் எல்லோ."

எங்கட தொழிலில் இதுக்கு ஸ்டேஜிங் என்று பெயர். நேரே ப்ரொடக்சனில் போட ஏலாததை வேறோர் இடத்தில் ஓட்டிப் பார்ப்பது. நல்ல பெடியன் என்றால் யார், ஒரு தாய் எங்கே தலையிடலாம், எங்கே கூடாது என்று தேவியை வைத்து நாங்கள் ஓட்டிப் பார்த்தோம். 2023இல் தங்கச்சி தன்ட ஆளைப் பற்றி வீட்டில் சொன்னாள். தொடரால்தான் சொன்னாள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவள் வாயைத் திறந்தபோது, கதைக்கிறதுக்கான சொற்கள் ஏற்கெனவே அந்த மேசையில் கிடந்தன. அம்மா கேட்ட இரண்டாவது கேள்வி, "உனக்கு அவனில என்ன பிடிச்சது?" முதலாவது என்ன என்று உங்களுக்கே தெரியும்.

கடைசி எபிசோடில் தேவியின் அப்பம்மா நிர்மலா, ஒரு விதவை, லென் என்ற கிழவரைக் கலியாணம் செய்கிறா. பென் நியூ யோர்க்கில் இருந்து பறந்து வந்து தேவியிடம் மனதைச் சொல்வது அந்தக் கலியாண வீட்டில்தான். இரண்டு எட்ஜ், ஒரே இரவு. அம்மா அப்பம்மாவுக்குத்தான் கை தட்டினா.

டீம் பாக்ஸ்டன் ஆக்கள் பதில் போடலாம். வாசிப்பேன், மாறமாட்டேன். அடுத்த கிழமை கிராஃப் டேட்டாபேஸ் பற்றி, இந்த முறை உண்மையாகவே டேட்டாபேஸ் பற்றி.