முதுகில் ஏறும் பாரம் இடுப்பில் இறங்கட்டும்

செப்டம்பர் பிறந்தால் அமெரிக்காவின் ராக்கி மலைச் சரிவுகளில் ஆண் எல்க் மான்கள் துணை தேடிக் குரலெழுப்பத் தொடங்கும். இடாஹோ, மொன்டானா, கொலராடோ மாநிலங்களில் வேட்டை உரிமம் பெற்றவர்கள் அந்தக் குரலைத் தேடி, சாலை முடியும் இடத்திலிருந்து காட்டுக்குள் நடக்கிறார்கள். கூடாரம், தூங்கும் பை, அடுப்பு, சில நாள் உணவு எல்லாம் முதுகில் இருக்கும். உள்ளே போகும்போது சுமை ஏறத்தாழ 20 கிலோ. அதைச் சுமக்கப் பல பைகளால் முடியும். வேட்டை பலித்துத் திரும்பும்போதுதான் பையின் தரம் தெரியும்.

வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். எலும்பை நீக்கிவிட்டாலும் 90 கிலோ அளவுக்கு இறைச்சி தேறும். வண்டி கொண்டுவந்து ஏற்றலாம் என்றால் அதற்கு வழியில்லை. 1964இல் இயற்றப்பட்ட வனாந்தரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இடாஹோவின் ஃபிராங்க் சர்ச், மொன்டானாவின் பாப் மார்ஷல் போன்ற காடுகளில் மோட்டார் வாகனம் நுழையக்கூடாது, சைக்கிளுக்குக்கூட அனுமதியில்லை. குதிரையோ கோவேறு கழுதையோ இல்லாதவருக்கு முதுகுதான் வண்டி. இறைச்சியைப் பாதி எடுத்து மீதியை விட்டுவிட்டு வரவும் முடியாது. உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்குவது மேற்கு மாநிலங்கள் பலவற்றில் குற்றம். அலாஸ்காவில் சட்டம் இன்னும் கண்டிப்பானது. இறைச்சியை வெளியே கொண்டுவருவதற்கு முன்னால் கொம்பைக் கொண்டுவரக்கூடாது.

ஆகவே வேட்டைக்காரர் பையைத் தேர்ந்தெடுக்கும்போது, போகும் வழிக்காக அல்லாமல் திரும்பும் வழிக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. 40 கிலோவைத் தூக்கிக்கொண்டு செங்குத்தான சரிவில் இறங்கும்போது எது வசதி? விடையை நம் எலும்புக்கூடே வைத்திருக்கிறது.

தோள் ஏன் தாங்காது?

பாரம் என்றதும் தோள்தான் நினைவுக்கு வரும். ஆனால் உடற்கூற்றைப் பார்த்தால் தோள் சுமைக்காக அமைந்த இடமே அல்ல. கை முழுவதும் உடலோடு எலும்புக்கு எலும்பாகச் சேர்வது ஒரே ஒரு மூட்டில். காறை எலும்பு நெஞ்செலும்பைத் தொடும் சிறிய மூட்டு அது. தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டோடு எந்த மூட்டாலும் இணையவில்லை; கழுத்திலிருந்தும் முதுகிலிருந்தும் வரும் தசைகளில் தொங்குகிறது. கை எல்லாத் திசையிலும் சுழல்வதற்கு நாம் கொடுத்த விலை அது. தோளில் வார் அழுத்தினால் அந்தத் தசைகள் மணிக்கணக்கில் இறுகியே நிற்க வேண்டும்.

அதோடு, கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புக் கற்றை காறை எலும்புக்கு அடியில்தான் நுழைகிறது. கனத்த சுமையோடு நெடுந்தூரம் நடந்த ராணுவ வீரர்கள் சிலருக்குக் கை மரத்துப்போவதும், வலுவிழப்பதும், தோள்பட்டை எலும்பு இறக்கைபோல் வெளியே பிதுங்குவதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. வார் அந்த நரம்புகளை நசுக்குவதன் விளைவு இது.

இடுப்பெலும்பின் கதை வேறு. முதுகெலும்பின் அடிப்பகுதியோடு அது இறுகப் பிணைந்திருக்கிறது; கீழே ஆழமான கிண்ணம்போன்ற மூட்டில் தொடையெலும்பைத் தாங்குகிறது. தலை, கை, நெஞ்சு, வயிறு என இடுப்புக்கு மேலுள்ள எல்லா எடையும் பிறந்து நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அதன் வழியாகத்தான் காலுக்குப் போகிறது. பாரத்தை நேராக அங்கே இறக்கிவிட்டால், அந்த அளவுக்கு முதுகுத்தண்டும் தோளும் தப்பிக்கும்.

இரண்டு கைகளையும் விலாவின் பக்கவாட்டில் வைத்துக் கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். மென்மையான சதை முடிந்து ஒரு கடினமான விளிம்பு தட்டுப்படும். அதுதான் இடுப்பெலும்பின் முகடு. பையின் இடுப்புப் பட்டை, தன் அகலத்தின் நடுப்பகுதி அந்த முகட்டின் மேல் வரும்படி அமர வேண்டும். தொப்புள் உயரத்தில் கட்டினால் பட்டை வயிற்றை நெரிக்கும், மூச்சு முட்டும். கீழே தழைய விட்டால் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் தொடையில் உரசும். இரண்டு விரற்கடை மாறினாலும் எலும்பின் வேலை தசையின் தலையில் விழுகிறது.

ஐயாயிரம் ஆண்டுத் தேடல்

1991இல் இத்தாலி, ஆஸ்திரியா எல்லையிலுள்ள ஆல்ப்ஸ் மலையில் பனிக்கடியிலிருந்து கிடைத்த ஓட்ஸி என்னும் மனிதர் ஏறத்தாழ 5300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். வில்லும் அம்புமாக மலையேறிய அவருடைய உடைமைகளில் வளைத்த ஹேசல் கழியும் லார்ச் மரப்பலகைகளும் இருந்தன. அவை முதுகுப் பையின் சட்டகம் என்றே ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். துணியோ தோலோ மட்டும் போதாது, பாரத்துக்கு ஓர் எலும்புக்கூடு வேண்டும் என்ற அறிவு அவ்வளவு பழையது.

நவீன காலத்தில் இதற்கு வித்திட்டதும் வேட்டைதான். நார்வேயின் ஓலே பெர்கன் 1908இல் வேட்டைக்குப் போனபோது பை முதுகை உறுத்தியதால், மரக்கிளையொன்றைத் தன் முதுகின் வடிவத்துக்கு வளைத்துப் பைக்குள் பொருத்திப் பார்த்தார். மறு ஆண்டே அதற்குக் காப்புரிமை. பிரிட்டிஷ் ராணுவத்தினர் இன்றும் தங்கள் முதுகுப் பையைப் ‘பெர்கன்’ என்றே அழைக்கிறார்கள். அமெரிக்காவில் லாயிட் நெல்சன், அலாஸ்காவின் பூர்வகுடியினர் கடல்நாய்த் தோலாலும் கழிகளாலும் செய்த சுமைச் சட்டகத்தை 1920இல் சுமந்து பார்த்து, அதிலிருந்து ‘டிராப்பர் நெல்சன்’ என்ற மரச்சட்டகப் பையை உருவாக்கினார். பல்லாண்டுகள் அது காட்டில் உழைத்தது.

ஆனால் இவற்றிலெல்லாம் பாரம் பெரிதும் தோளில்தான் இருந்தது. திருப்பம் 1950களின் தொடக்கத்தில் வந்தது. கலிஃபோர்னியாவின் சியரா மலைகளில் நடந்துகொண்டிருந்த டிக் கெல்டி, தன் மரச்சட்டகத்தின் இரு கீழ்முனைகளையும் காற்சட்டையின் பின்பைகளுக்குள் செருகிப் பார்த்தார். தோளில் அழுத்தம் சட்டென்று குறைந்தது. 1952இல் அவரும் மனைவி நீனாவும் வீட்டிலேயே பைகள் செய்து விற்கத் தொடங்கினார்கள். அவர் அலுமினியக் குழாயில் சட்டகம் செய்தார்; அவர் மனைவி துணி தைத்தார். 1963இல் எவரெஸ்ட் ஏறிய அமெரிக்கக் குழு கெல்டி பைகளோடு சென்றது. இன்று பெரும்பாலான மலைப் பைகளில் இருக்கும் இடுப்புப் பட்டைக்குப் பின்னால் அந்தக் காற்சட்டைப் பை இருக்கிறது.

நெம்புகோல் கணக்கு

பட்டை மட்டும் இருந்தால் போதாது. சட்டகம் விறைப்பாக இல்லாவிட்டால் பை அதன் மேல் சரிந்து மடங்கும். பாரம் மறுபடி தோளுக்கே வரும். இலகுவான மலையேற்றப் பைகளில் ஒரு கிலோவுக்கும் குறைந்தவை உண்டு. வேட்டைப் பைகள் அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு கனப்பதற்கு அலுமினியத் தண்டுகளும் கார்பன் இழைச் சட்டகங்களும்தான் முக்கியக் காரணம். 40 கிலோவை ஏற்றும்போது அந்தக் கூடுதல் கனம் பலமடங்கு வேலை செய்கிறது.

சட்டகத்தின் உயரத்தை முடிவு செய்வது ஆளின் உயரமல்ல, முதுகின் நீளம். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பு, கழுத்தெலும்புகளில் ஏழாவது. அங்கிருந்து இரு இடுப்பு முகடுகளையும் இணைக்கும் கோடுவரை ஒருவரை நாடாவால் அளக்கச் சொல்லுங்கள். ஆறடி உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு முதுகு நீளம். இருவருக்கும் ஒரே பை பொருந்தாது. தோள்வாரின் மேலிருந்து சட்டகத்துக்குச் செல்லும் சிறு இழுவார்கள் தோளுக்கு மேலாகச் சாய்ந்து எழ வேண்டும். அப்போதுதான் அவை பாரத்தை முன்னோக்கி இழுத்து, வாரைத் தோளிலிருந்து லேசாகத் தூக்கும். சட்டகம் குட்டையானால் இழுவார்கள் பயனின்றித் தோளோடு படுத்துவிடும்.

அடுத்தது தூரம். 80 கிலோ எடையுள்ளவர் 40 கிலோ சுமக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாரத்தின் நடுப்புள்ளி அவருடைய உடலின் நடுப்புள்ளிக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால், இரண்டும் சேர்ந்த நடுப்புள்ளி 10 சென்டிமீட்டர் பின்னால் போகும். அதாவது ஏறத்தாழக் குதிகாலின் விளிம்புக்கே. நிமிர்ந்து நின்றால் சிறு தள்ளாட்டத்திலேயே மல்லாக்க விழ வேண்டியதுதான். விழாமலிருக்க முன்னால் வளைகிறார், முதுகுத் தசை நாளெல்லாம் அந்த வளைவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதே பாரத்தை 18 சென்டிமீட்டருக்குள் ஒட்டிக் கட்டினால் விலகல் 6 சென்டிமீட்டராகச் சுருங்கும். ஒரு கிராம்கூடக் குறையவில்லை, ஆனால் சுமை குறைந்ததாக உடல் உணர்கிறது.

வேட்டைப் பைகளில் பைக்கும் சட்டகத்துக்கும் நடுவே ஓர் அடுக்கு திறப்பது இதற்காகத்தான். இறைச்சி மூட்டை அங்கே முதுகையொட்டி அமர்ந்துகொள்ளும். இலகுவான கூடாரமும் தூங்கும் பையும் வெளிப்பக்கம் போய்விடும். இறைச்சி திரவம்போல் கீழே வழிந்து சேரும் தன்மையுள்ளது. அதனால் துணிப்பையில் இறுகக் கட்டி, அடியில் தாங்கு கொடுத்து, தோள்பட்டைகளுக்கு இடையில் நிற்கும்படி மேலே ஏற்றிக் கட்டுகிறார்கள். பாறைகளும் விழுந்த மரங்களும் நிறைந்த வழியானால் சற்றுக் கீழே இறக்கினால் தள்ளாட்டம் குறையும்.

மெத்தை ஏமாற்றும்

கடையில் வெறும் பையை மாட்டிப் பார்ப்பவர் மெத்தென்ற பட்டையில் மயங்குவது இயல்பு. தோலின் நுண்குழாய்களில் ரத்த அழுத்தம் ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் பாதரசம்தான். அதற்கு மேல் ஓரிடத்தில் தொடர்ந்து அழுத்தினால் அங்கே ரத்த ஓட்டம் தடைபடலாம். எரிச்சல், மரப்பு, புண் எல்லாம் அதன் தொடர்ச்சி. மிருதுவான ஸ்பாஞ்ச் 40 கிலோவின் கீழ் தட்டையாகி, விளிம்பில் மட்டும் அழுத்தும். சற்றுக் கெட்டியான, அகலமான, இடுப்பின் கூம்பு வடிவத்துக்கு ஏற்ப வளையும் பட்டையோ அழுத்தத்தைப் பரப்பிக் கொடுக்கும். ஆகவே கடையில் 20 கிலோவுக்குக் குறையாமல் ஏற்றி, அரை மணி நேரமாவது நடந்து, படியேறி இறங்கிப் பார்க்காமல் பை வாங்கக்கூடாது.

நல்ல பட்டையும் முழுப் பாரத்தையும் எடுத்துக்கொள்ளாது. அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் சட்டகமும் இடுப்புப் பட்டையும் உள்ள பையை அளந்தபோது, செங்குத்துப் பாரத்தில் ஏறத்தாழ 30 சதவீதம்தான் கீழ்முதுகில் இறங்கியது. பொருத்தமும் சரிக்கட்டலும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவே சான்று. ஏறும்போது ஒருவிதமாகவும் இறங்கும்போது வேறுவிதமாகவும் வார்களை இறுக்கித் தளர்த்துவது சுமப்பவரின் கைப்பழக்கமாக வேண்டும்.

பாரத்தின் அசைவையும் கவனிக்க வேண்டும். ஒவ்வோர் அடியிலும் நம் இடுப்பு சில சென்டிமீட்டர் எழுந்து தாழ்கிறது. சுமையும் கூடவே குதிக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ரோம், பாரத்தைச் சுருள்வில்லில் மிதக்கவிட்டு அந்த அசைவிலிருந்து 7.4 வாட் வரை மின்சாரம் எடுத்துக் காட்டினார். 2005இல் அந்த ஆய்வு வெளியானது. கட்டுக்குள் மேலும் கீழும் மிதக்கும் பாரம் வேறு, பக்கவாட்டில் ஆடும் பாரம் வேறு. பின்னது ஒவ்வோர் அடியிலும் நம்மை இழுத்துத் தள்ளும்.

இடுப்புப் பட்டையே இல்லாமலும் மனிதர்கள் வியக்கத்தக்க பாரம் சுமக்கிறார்கள். நேபாளச் சுமைகாரர்கள் நெற்றிக்கு மேல் ஒரு பட்டையை மாட்டிக் கூடையை முதுகில் தாங்குகிறார்கள். இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிக்கும் நம் பெண்களின் முறையும் அதுவே. அந்த நேபாள ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதத்தைச் சுமந்ததாக 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு அளந்து சொன்னது. அவர்கள் மெதுவாக நடக்கிறார்கள், அடிக்கடி நின்று இளைப்பாறுகிறார்கள். எந்தப் பை வாங்கினாலும் அவர்களிடம் கற்க வேண்டிய பாடம் இது.

இப்போது தூரத்தைக் கணக்கிடலாம். 90 கிலோ இறைச்சியும் முகாமும் சேர்த்து நான்கு நடை ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலையிலிருந்து 5 கிலோமீட்டர் உள்ளே எல்க் விழுந்தால், சுமையோடு நான்கு முறை வெளியே, வெறுங்கையோடு மூன்று முறை உள்ளே என 35 கிலோமீட்டர் நடக்க வேண்டும். 10 கிலோமீட்டர் என்றால் 70. வெயில் ஏறினால் அதற்குள் இறைச்சி கெட்டுவிடும். முதுகின் நீளத்தையும் இடுப்பின் முகட்டையும் அறிந்து பை வாங்கியவர், வீட்டருகே 30 கிலோ ஏற்றி ஒரு குன்றில் ஏறி இறங்கிப் பார்த்தாலே தன் எல்லை தெரிந்துவிடும். அந்த எல்லைக்கு அப்பால் நிற்கும் மானைக் குறிவைக்காமல் திரும்புவது வேட்டைக்காரரின் கடமை. சுடும் முடிவைத் தோட்டாவின் வீச்சோடு சேர்ந்து அவருடைய முதுகும் எடுக்கட்டும்.